பிரிந்து போகவும் ஒரு முறை வேண்டும்

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) உச்ச அமைப்பான சினாடின் நிர்வாகத்தைக் கவனித்துத் தேர்தல் நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அமர்த்தியது. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்த முயன்ற திருச்சபைச் சட்டத் திருத்தமும், பிரதமப் பேராயர் தேர்தலும் வழக்கின் மையம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாதச் சந்தாவும் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையும் செலுத்தி ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்துபோகும் சபையார் இதையெல்லாம் நாளிதழில்தான் படித்தார்கள். திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று சென்னைக்கு மேற்கே செல்லும் ரயில் தடத்தில் உள்ள சபைகளில், தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் கணிசம். ஊரில் திருமண்டலத் (பேராயத்) தேர்தல் சண்டையைப் பார்த்துச் சலித்தே வந்தவர்களுக்கு இங்கும் அதே கதை என்றால், பிரிந்து போய்விட்டால்தான் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தைப் பாவம் என்று பிரசங்கபீடத்திலிருந்து தள்ளிவிடுவதில் பயனில்லை. பிரிவு என்ற வழக்கம் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வரலாற்றில் எதைச் சாதித்தது, எதைக் கெடுத்தது என்று நிறுத்துப் பார்ப்பதே உதவும்.

பிரிந்த ஒவ்வொரு கூட்டமும் மனசாட்சியைத்தான் காரணம் சொன்னது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடமில்லை என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே எதிர்ப்பக்கம் நின்றார். விலகியவர்களில் பலர் பின்னாளில் சாதிப் பழக்கத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 1857இல், திருநெல்வேலிப் பகுதியின் நாசரேத் பக்கம் இன்னொரு பிரிவு நேர்ந்தது. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிஷனரிகளின் அதிகாரத்தையும் அவர்கள் நாடார் மக்களைப் பற்றி எழுதிய இழிவுரைகளையும் சகிக்க முடியாமல் வெளியேறி, வெள்ளைக்கார மேற்பார்வை இல்லாத தனிச்சபையைக் கண்டார். முதல் பிரிவு பிறரைத் தாழ்த்தி வைக்கும் உரிமைக்காக, இரண்டாவது தன்னைத் தாழ்த்துவதை மறுப்பதற்காக. இரு தரப்பிலும் உறுதி இருந்தது, வேதவசனமும் இருந்தது. ஆகவே, மனசாட்சி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பிரிவையும் நியாயப்படுத்தவோ நிராகரிக்கவோ முடியாது. யாருக்கு எதிராக, எதற்காக என்று கேட்டே தீர வேண்டும். 1960களில் கோட்டயம் பகுதியில் தலித் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் சி.எஸ்.ஐ.யை விட்டு வெளியேறியதையும் இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். ஒன்றாய் இருங்கள் என்ற அறிவுரை பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவன் காதில் வேறு மாதிரி விழும்.

பிரிவின் பலம் இது: உள்ளே இருந்து மாற்ற முடியாததை வெளியே போய் மாற்றிக் காட்டலாம். பலவீனம், பிரிந்த வீட்டிலும் பழைய நோய் வந்துவிடுவது. திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து 2003இல் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியானது. இது சபைப் பிளவு அல்ல, ஒரே திருச்சபைக்குள் நிர்வாகப் பகுப்பு. ஆனாலும் படிப்பினை உண்டு. நிர்வாகம் மக்களுக்கு அருகில் வந்தது உண்மை. தேர்தல் வழக்குகளும் நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியும் கூடவே வந்ததும் உண்மை. பள்ளி, கல்லூரி, நிலம், நியமனம் ஆகியவற்றின் மீது ஒரு சிலருக்குள்ள பிடி அப்படியே இருக்க, எல்லைக்கோட்டை மட்டும் மாற்றிப் போட்டால், பதவிகளின் எண்ணிக்கை கூடும். வேறென்ன நடக்கும்? சபையார் தங்கள் வட்டாரமான சேகரத்தின் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திருமண்டலப் பேரவைக்குப் போகும் பிரதிநிதிகள் அங்கிருந்து சினாடுக்கு ஆளனுப்புகிறார்கள். அங்கேதான் பிரதமப் பேராயர் தேர்வாகிறார். இத்தனை படிகளில் சாதாரண உறுப்பினரின் குரல் கரைந்துபோகிறது. பிரிவு அந்தப் படிகளில் ஒன்றைக்கூடக் குறைப்பதில்லை.

சொத்து விஷயம் இன்னும் சிக்கல். திருச்சபை பிறந்த 1947ஆம் ஆண்டிலேயே சொத்துகளை வைத்துக்கொள்ளத் தென்னிந்தியத் திருச்சபை அறக்கட்டளைச் சங்கம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. செங்கல் செங்கலாய்க் காணிக்கை கொடுத்துக் கட்டிய கோயிலானாலும், பத்திரம் சங்கத்தின் பெயரில் இருந்தால் விலகுகிற சபை வெறுங்கையோடுதான் போக வேண்டும். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய சிவனடியார் பூசலாரின் ஊர் திருநின்றவூர். ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மனக்கோயில் செல்லாது. மறுபக்கம், பெரிய அமைப்பும் சட்டத்தை அலட்சியம் செய்ய முடியாது. குஜராத் பிரதரன் சபை 1970இல் வட இந்தியத் திருச்சபையோடு இணைந்ததாகக் கருதப்பட்டு வந்தது. முறைப்படி சங்கம் கலைக்கப்படாததால் அதன் சொத்து அந்தத் திருச்சபைக்கு மாறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சேர்வதானாலும் பிரிவதானாலும் தீர்மானம், பதிவு, ஒப்புதல் என்ற வரிசை தவறினால் நாற்பது ஆண்டு கழித்தும் வழக்கு நிற்கும்.

எனவே, குறை பிரிவதில் இல்லை, பிரிவதற்கான முறை எழுதப்படாமல் இருப்பதில்தான் என்பேன். அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்ட் சபையில் தன்பாலின உறவு பற்றிய கருத்து மோதல் முற்றியபோது, 2019இல் செயிண்ட் லூயிஸ் நகரில் கூடிய சிறப்பு மாநாடு 2023 முடிய ஒரு வழியைத் திறந்துவைத்தது. உள்ளூர்ச் சபைக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பங்குத்தொகையையும் போதகர்களின் ஓய்வூதியப் பொறுப்பில் தன் பங்கையும் கட்ட வேண்டும். பின் கட்டடத்தோடு போகலாம். 7,600க்கும் மேற்பட்ட சபைகள், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அப்படி விலகின. அதிலும் வழக்குகள் இருந்தன, கசப்பும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சபையிலும் உட்கார்ந்திருந்தவர்களே வாக்களித்தார்கள், என்ன விலை என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம் ஊரில் விலகல் ஓசையில்லாமல் நடக்கிறது. ஒரு குடும்பம் அடுத்த தெருவிலுள்ள பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விடும், சந்தா நின்றுவிடும், காரணத்தை யாரும் கேட்க மாட்டார்கள். இது பிரிவைவிட மோசம். குறை சொல்லக்கூடியவர்கள் முதலில் கிளம்பிவிடுகிறார்கள்.

வாசலைத் திறந்தால் எல்லோரும் ஓடுவார்கள், சாதிக்கொரு சபை முளைக்கும் என்பது வலுவான மறுப்பு. தஞ்சாவூர்க் கதை அதற்குச் சாட்சியாக நிற்கிறது. ஆனால் 1833இல் விலகலுக்கு எந்த விதியும் இல்லை, இருந்தும் போனார்கள். பூட்டிய கதவு சாதியைத் தடுத்ததில்லை. சாதி, பாலினம் இவற்றின் அடிப்படையில் உறுப்பினரை மறுக்கும் சபைக்குச் சொத்தில் பங்கில்லை என்று விதியிலேயே எழுதிவிடலாம். வாய்மொழி ஒற்றுமை அதைச் செய்யாது. ஒற்றுமை கிறிஸ்துவின் கட்டளையாயிற்றே என்பது இன்னொரு மறுப்பு. அந்தக் கட்டளையை மதித்தவர்கள் 1919இல் தரங்கம்பாடியில் கூடிய 33 போதகர்கள். அவர்கள் தொடங்கிய பேச்சு, ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியோர் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுசேர்வதில் முடிய 28 ஆண்டுகள் பிடித்தன. குருப்பட்டம் முதல் நற்கருணை வரை வரிவரியாய் வாதாடினார்கள். அப்போதும் ஆந்திராவின் நந்தியால் ஆங்கிலிக்கர்கள் பலர் சேர மறுத்தனர். அவர்களைத் துரத்தாமல் விட்டதால் 1975இல் அந்தப் பேராயம் வந்து சேர்ந்தது. சேர்வதற்கு அவ்வளவு பொறுமை தேவைப்பட்டதென்றால், ஒரு தேர்தல் தோல்வியின் கோபத்தில் பிரிவதும் தவறு, பிரியவே கூடாதென்பதும் தவறு.

பிரிவை ஆலோசிக்கும் சபை சில்லறைக் காரியங்களையும் பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பேராயரால் அபிஷேகம் பெற்ற குரு திருமணம் நடத்தலாம். புதிய சபை தானே அமர்த்திக்கொள்ளும் போதகர் அரசிடம் உரிமம் பெற்றாக வேண்டும். ஞானஸ்நானப் பதிவேடு யாரிடம் இருக்கும், சபைப் பள்ளியில் சேர்க்கைக்கு ஆயரின் கடிதம் யார் தருவார், கல்லறை நிலத்தில் இடம் உண்டா என்பவை பெரிய மாநாடுகளில் பேசப்படாத, ஆனால் குடும்பங்களை அலைக்கழிக்கிற கேள்விகள். அதற்கும் முன்னால், சேகரத்தின் மூன்றாண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்கூட்டத்தில் படிக்கச் சொல்ல வேண்டும். கணக்கைக் காட்ட மறுப்பவர் இருக்கச் சொன்னாலும் போகச் சொன்னாலும் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை.

விலகும் முறையை எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வாக்கில் தோற்ற சிறுபான்மையின் கதி அமெரிக்க மெதடிஸ்ட் ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. தாத்தா காலத்திலிருந்து வந்த ஆலயத்தில், 33 பேர் இருக்க விரும்பி 67 பேர் போக வாக்களித்தால், அந்த 33 பேர் தெருவில் நிற்பார்கள். சென்னையின் பல ஆலயங்களில் ஒரே கட்டடத்தில் தமிழ்ச் சபையும் ஆங்கிலச் சபையும் வெவ்வேறு நேரத்தில் ஆராதிக்கின்றன, பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரியும் சபைக்கும் தங்கும் சபைக்கும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு அதே ஏற்பாட்டைக் கட்டாயமாக்கும் ஒரு விதியைச் சேகரப் பொதுக்கூட்டமே தீர்மானமாக நிறைவேற்றிப் பேராயத்துக்கு அனுப்பலாம். அதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.