மோனிக்கம்மாளின் கூடை

புனித அகுஸ்தினார் 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதியில் சிறு நிகழ்ச்சியொன்று வருகிறது. மிலான் நகருக்கு வந்த அவருடைய தாய் மோனிக்கம்மாள், ஆப்பிரிக்க வழக்கப்படி கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கூடையிலிட்டுப் புனிதர்தம் கல்லறைகளுக்கு எடுத்துச் செல்கிறார். வாயிற்காவலர் தடுக்கிறார். ஆயர் அம்புரோசியாரின் கட்டளை அது என்றறிந்ததும் அம்மையார் மறுபேச்சின்றிப் பணிகிறார்.

கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாகவே இதனைப் பெரிதும் கேட்டிருக்கிறோம். நூலை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்றும் புலப்படும். கல்லறைகள் எத்தனையாயினும் அம்மையார் கையிலிருந்தது ஒரே சிறு கிண்ணம். அதிலும் நீர் கலந்த இரசம். அதையும் உடனிருந்தோருடன் பகிர்ந்தே பருகுவார். இத்தகைய எளிமையையும் ஏன் தடுக்க வேண்டும்? வழக்கம் பிறருக்குக் குடிவெறிக்கு வாய்ப்பாகும்; புற இனத்தாரின் நீத்தார் சடங்கையும் ஒத்திருக்கும். இவையே நூல் கூறும் காரணங்கள். தம் தாய் பெரிதும் நேசித்த அம்புரோசியாரன்றி வேறொருவர் தடுத்திருந்தால், இவ்வளவு எளிதில் அவர் இணங்கியிருப்பாரோ என்று மகனே ஐயுறுகிறார். பழக்கத்தை விடுவதன் வலியை மறைக்காத இவ்வரி, நூலின் நேர்மைக்குச் சான்று.

பின்பு கூடை என்னவாயிற்று? அம்மையார் கல்லறைகளுக்குச் செபம் நிறைந்த உள்ளத்தைக் கொண்டு சென்றார். இயன்றதை ஏழைகளுக்கு ஈந்தார். 392ஆம் ஆண்டளவில், குருவாக இருந்த அகுஸ்தினார் ஆயர் அவுரேலியுசுக்கு வரைந்த மடலும் இவ்வழியையே காட்டுகிறது. கல்லறைப் படையல் ஆடம்பரமின்றி இருக்க வேண்டும், கேட்போர் எவர்க்கும் செருக்கின்றி வழங்கப்பட வேண்டும், விற்கப்படலாகாது.

இவ்வரிகள் நம் இல்லங்களையும் உரசிப் பார்க்கின்றன. இழவு வீட்டில் அடுப்பெரியாத நாளில், அண்டை வீட்டார் கஞ்சியோ இட்லியோ கொணர்ந்து, உண்ண மனமற்றிருப்போரை வற்புறுத்தி உண்ணச் செய்வர். துயரத்தில் பங்கேற்கும் உணவு அது. முப்பதாம் நாளிலோ பல இடங்களில் நிலைமை தலைகீழாகிறது. ஆறுதல் பெற வேண்டிய குடும்பமே கடன்பட்டு ஊருக்குப் பிரியாணி விருந்து படைக்கிறது. இறந்தவரைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, பந்தியைப் பற்றிய பேச்சே மிஞ்சுகிறது. எளிய வீட்டார் அப்பேச்சுக்கு அஞ்சியே கடன்படுகின்றனர்.

387ஆம் ஆண்டு ஓஸ்தியாவில் மரணப் படுக்கையிலிருந்த மோனிக்கம்மாள், ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைவுகூர வேண்டும் என்பதொன்றையே கேட்டார். கூடையை நாம் வீசியெறிய வேண்டியதில்லை. அது யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குச் செல்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.