வான்கோழியும் வில்லாளியும்: ஓர் உவமை ஆராய்ச்சி

தமிழ்ப் பள்ளியில் மூதுரை பயின்றோர் வான்கோழி உவமையை மறந்திரார். காட்டிலே மயில் ஆடுவதைப் பார்த்திருந்த வான்கோழி தன்னையும் மயிலென்று எண்ணித் தன் அழகற்ற சிறகை விரித்து ஆடிற்றாம். கல்வியில்லாதவன் செய்யுள் சொல்லப் புகுவதும் அத்தகையதாம். ஔவையார் பெயரால் வழங்கும் அந்நூலில் நல்லுரைகள் பல உள. அவற்றைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் இவ்வுவமை ஏட்டோடு நில்லாமல், வீட்டிலும் தோட்டத்திலும் கடைத்தெருவிலும் வசைமொழியாய் உலவுகின்றது. பால்மரம் சீவுவோன் மகன் மேடையேறி நாலு வார்த்தை பேசினால், ‘வான்கோழி ஆடுகிறது’ என்று முன்வரிசையில் ஒருவர் நகைக்கின்றார். ஆதலின் இவ்வுவமை பொருந்துமா என்று ஆராய்தல் நம் கடமையாகிறது.

வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோ நாட்டின் பழங்குடியினரே அதனை முதலில் வீட்டில் வளர்த்தவர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து மொகலாய அரசர் ஜஹாங்கீருக்கு ஒரு வான்கோழி வந்தபோது, அவர் அதனை விந்தைப் பொருளாகக் கருதி, மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு படம் எழுதுவித்தார். மூதுரை அப்பறவையின் வருகைக்கு முந்தியதாயின், அதிற் கூறிய பறவை இன்று நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் பறவையன்று. பிந்தியதாயின், புலவர் கண்டது கடல் கடந்து வந்து கொல்லையில் அடைபட்டதோர் உயிரே. எவ்வாறாயினும், காட்டில் வாழும் வான்கோழியைக் கண்டு பாடிய பாட்டு அதுவன்று.

காட்டு வான்கோழியை உள்ளபடி அறிந்தோர் யார்? ஐக்கிய அமெரிக்காவில் வில்லும் அம்பும் கொண்டு அதனை வேட்டையாடுவோரைக் கேட்கலாம். துப்பாக்கி ஏந்தியவன் நாற்பது கஜத்திலிருந்து ரவை சுடுவான்; வில்லாளியோ இருபது கஜத்துக்குள் பறவையை வருவிக்க வேண்டும். இருபது இறாத்தல் எடையுள்ள சேவலிலும் உயிர்நிலை ஒரு கைப்பிடி அளவே. எஞ்சிய பருமனில் பெரும்பகுதி இறகு. அம்பு சற்றே பிசகினால் பறவை புண்பட்டு ஓடிப் புதரில் மறைந்து மடியும். ஆகையால் நல்ல வில்லாளி ஐயமுள்ள இடத்தில் அம்பை விடான். அப்பறவைக்கு மோப்பம் குறைவு. கண்ணோ மிகக் கூரியது. தலையைச் சிறிது திருப்பினால் சுற்றுமுற்றும் யாவும் அதற்குப் புலனாகும். நாணை இழுக்கும் கையின் அசைவொன்றே அதனை ஓட்டப் போதுமானது.

ஆதலின் வேட்டை நிகழும் முறையைக் கேண்மின். இளவேனிற் காலத்தில், பொழுது புலருமுன், மரக்கிளையில் துயின்ற சேவல் உரக்கக் குரலெழுப்பும். அக்குரல் கேட்டுப் பேடு சேவலிடம் செல்லுதல் இயற்கை. வேடன் இம்முறையை மாற்ற முயல்கிறான். மரத்தடியிலோ துணிக் கூடாரத்திலோ அசையாது மறைந்திருந்து, சிறு மரப்பெட்டியின் விளிம்பில் அதன் மூடியை உரசிப் பேட்டின் குரலை எழுப்புகிறான். சேவல் எளிதில் நம்புவதில்லை. நெடுநேரம் நின்று கூர்ந்து பார்க்கும். நம்பி வந்தால், வாலை விசிறிபோல் விரித்து, சிறகு நிலத்தில் உராயத் தாழ்த்தி, தலை சிவப்பும் நீலமும் வெண்மையுமாக நிறம் மாற, மெல்ல அடிவைத்து ஆடும். ஆடிக்கொண்டே அது முதுகு காட்டித் திரும்பும் நொடியில், விரித்த வாலே அதன் கண்ணை மறைக்கும். அந்நொடியிலேதான் வில்லாளி நாணை இழுக்கிறான். அவன் அம்பின் அடியிற் கட்டிய இறகும் பெரும்பாலும் வான்கோழியின் சிறகிலிருந்து எடுத்ததே.

இங்கே பிறரைப் போல நடிப்பவர் யார்? பேடல்லாதவன் பேட்டின் குரலில் அழைக்கிறான். நடிப்பு முழுவதும் மனிதனுடையது. வான்கோழி ஆடுவதோ தன் சொந்த ஆட்டம். அமெரிக்கக் காடுகளில் மயில் இயற்கையாக வாழ்ந்ததே இல்லை. பார்த்துப் பழக மயில் இல்லாத நாட்டில், பொரித்துச் சின்னாட்களே ஆன குஞ்சும் தன் சிறுவாலை விரிக்க முற்படுகின்றது. ஒருவரையும் பாராமல் தானே ஆடும் ஆட்டத்தைப் போலி என்று கூறும் உவமை அடியிலேயே பிழைபட்டது.

“உவமைக்கு இயற்கை நூல் வேண்டுமோ? அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்கிறோமே, அதனையும் தள்ளுவீரோ?” எனச் சிலர் வினவலாம். தள்ளமாட்டோம். அன்னத்தின் கதையால் எவர்க்கும் தீங்கில்லை. வான்கோழியையோ ஒரு மனிதனை அவமதிக்கச் சாட்சியாக அழைக்கின்றனர். சாட்சியை விசாரியாமல் தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது.

அச்சாட்சி கூறும் செய்தி இன்னும் ஒன்றுண்டு. கோடரியாலும் துப்பாக்கியாலும் அமெரிக்கக் காட்டு வான்கோழி அருகி, 1920ஆம் ஆண்டளவில், முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18இல் இல்லாதொழிந்தது. அதனை மீட்க விரும்பியோர் முதலில் பண்ணைக் கூட்டில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டனர். அவை நிலைக்கவில்லை. பகையறிந்து ஒதுங்கவும் இரை தேடவும் கற்பிக்கக் காட்டுத் தாய் அவற்றுக்கு இல்லாமையே அதற்குப் பெருங்காரணம் என்பர். பின்னர் 1950களில் காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் விட்டனர்; அவை பெருகின. இன்று அலாஸ்கா ஒன்று நீங்கலாக 49 மாநிலங்களிலும் அப்பறவை உண்டு.

கூட்டுப் பறவை தடுமாறினால் கூட்டைக் கேட்க வேண்டும். கல்லாதவன் தடுமாறினால், அவனுக்குக் கல்வியை மறுத்தவர் யார் என்று கேட்க வேண்டும். ஒரு கொட்டகையே பள்ளியாகவும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் இருந்த தோட்டங்கள் இந்நாட்டில் இருந்தன. அங்கு வளர்ந்தவர் ஒரு செய்யுளைத் திக்கித் திக்கிச் சொன்னால், அது மயிலைப் பார்த்து ஆடியதன்று. தமக்கு உரிய மொழியைத் தாம் எடுத்தாண்டதேயாகும்.

கற்றபின் பேசுக என்பதே அச்செய்யுளின் கருத்தாயின் அதனை ஏற்போம். கற்க முயல்வோனை நகைக்க அதனைக் கருவியாக்குதலை ஏற்கமாட்டோம். ஆசிரியர்கள் இச்செய்யுளைக் கற்பிக்கும் நாளில், அமெரிக்கக் காட்டில் வில்லாளியை மணிக்கணக்காய்க் காக்கவைக்கும் அப்பறவையின் வரலாற்றையும் உடன் சொல்வாராக. பிள்ளைகள் இரண்டையும் கேட்டுத் தாமே முடிவு செய்யட்டும்.