பதிவும் மரபும்: சேர் பெஞ்சமின் ஸ்ரோனின் விழாப் படங்கள்

ஓர் ஊரின் விழாவைப் புகைப்படமாக்குவோன் எதனைப் பதிவு செய்கிறான்? அவ்விழாவின் தொன்மையையா, அன்றி அன்றைய தினத்தில் அதனை நடத்திய மனிதரையா? இது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. மரபு என்பதனை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பதனோடு தொடர்புடையது. இங்கிலாந்தின் சிற்றூர் விழாக்களைப் படம்பிடித்த சேர் பெஞ்சமின் ஸ்ரோனின் (1838–1914) பணியினை இவ்வினாவைக் கொண்டே மதிப்பிடுதல் பொருத்தமாகும்.

ஸ்ரோன் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லர். பேர்மிங்காமிற் கண்ணாடி உற்பத்தித் தொழில் நடத்தியவர். 1895 முதல் 1910 வரை அந்நகரின் கிழக்குத் தொகுதியைப் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் செய்தவர். புகைப்படக்கலை அவரது ஓய்வுக்கால ஈடுபாடாகும். ஆயினும் அவ்வீடுபாடு பொழுதுபோக்கு என்ற எல்லையைக் கடந்து விரிந்தது. 1897இல் தேசிய புகைப்படப் பதிவுச் சங்கத்தினைத் தோற்றுவித்து, நாட்டின் கட்டடங்களையும் வழக்காறுகளையும் படமாக்கிப் பிரித்தானிய நூதனசாலையிற் சேர்ப்பிக்கும் பணியை முன்னெடுத்தார். 1906இல் அவரது படங்கள் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் முதலாவது விழாக்களுக்கும் சடங்குகளுக்குமே உரியது. பேர்மிங்காம் நூலகத்தில் மட்டும் அவரது படங்கள் 20,000க்கும் மேற்பட்டு உள்ளன.

இம்முயற்சியின் சமூகப் பின்னணி மனங்கொள்ளத்தக்கது. கைத்தொழில் வளர்ச்சி கிராம வாழ்வின் அடித்தளத்தைக் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவ்வளர்ச்சியின் பயனை நுகர்ந்த வர்க்கத்தினரே அதனால் அழிவனவற்றுக்கு இரங்கவும் செய்தனர். ஸ்ரோனின் நாட்டம் பழமையை நோக்கிச் சென்றமைக்கு இவ்விரக்கமும் ஒரு காரணம் எனலாம்.

அவரது படங்களிற் கலையழகு குறைவு என்பது ஒரு குற்றச்சாட்டு. புகைப்படத்தை ஓவியம் போல மங்கலாக்கி மெருகூட்டுவதே கலையெனப் பலர் கருதிய காலத்தில், அவர் தெளிவையே வேண்டினார். நெடுங்காலம் நிலைக்கக்கூடிய பிளாற்றினப் படிகளை விரும்பினார். இதனைக் குறையெனக் கொள்வதற்கில்லை. உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. விழாவின் உயிர் அசைவிலும் ஒலியிலும் தங்கியுள்ளது. ஸ்ரோனோ ஆடுவோரை நிறுத்தி, கருவியை நோக்கச் செய்து படம்பிடித்தார். அக்காலக் கருவிகளின் இயலாமையே இதற்குக் காரணம் எனச் சமாதானம் கூறல் பொருந்தாது. 1892இலேயே போல் மாட்டின் என்பார், பொதி போலத் தோன்றும் கருவியைக் கையிற்கொண்டு, இலண்டன் தெருக்களில் மக்களை அவர்கள் அறியாதவாறே படம்பிடித்திருந்தார். ஆகவே, ஸ்ரோனின் அசைவின்மை அவர் தாமே தேர்ந்துகொண்டதாகும்.

எனினும், இக்குறையிலிருந்தே ஒரு பெரும் பயனும் விளைந்துள்ளது. ஸ்ரபோட்சயரிலுள்ள அபற்ஸ் புறொம்லி என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் செப்ரெம்பரில் நிகழும் கொம்பாட்டத்தினை அவர் படமாக்கியமை இதற்குச் சிறந்த சான்று. அறுவர் கலைமான் கொம்புகளைத் தாங்குவர். பெண்வேடமிட்ட ஆடவர் ஒருவரும், கோமாளியும், பொய்க்குதிரையும், வில்லேந்திய ஒருவரும் உடன் ஆடுவர். 1686இல் றொபேட் புளொட் எழுதிய நூலிலேயே இவ்வாட்டம் குறிக்கப்பட்டுள்ளது. கொம்புகளுள் ஒன்றினை 1976இற் காபன் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அது 11ஆம் நூற்றாண்டளவினது எனத் தெரியவந்தது. ஆனால் ஆடுவோர் அணிந்திருக்கும் பழங்கால உடையோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புதிதாக வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர் அவர்கள் தத்தம் அன்றாட உடையிலேயே நாடாக்களும் வண்ணத் துணிகளும் தைத்து ஆடினர்.

தொன்மையைத் தேடிச் சென்றவரின் கருவியில், ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமையும் ஒரு தலைமுறைகூட நிரம்பாத புதுமையும் ஒரே சட்டத்துள் அடங்கிவிட்டன. படம் இரண்டையும் வேறுபாடின்றிக் காட்டுகின்றது. அனைத்தும் ஆதிகாலத்தன எனக் கொள்வது காண்போரின் நம்பிக்கையே. அசைவற்று நின்றமையாலேயே உடையின் தையலையும், உழைத்துக் களைத்த முகங்களையும், காலணிகளையும் இன்று நாம் நுணுகி நோக்க முடிகின்றது. அம்முகங்கள் ஆதிகாலத்தின் எச்சங்களல்ல. தம் காலத்து உழைப்பாளிகளின் முகங்கள்.

எனவே ஸ்ரோன் எண்ணியது ஒன்று, எய்தியது வேறொன்று. அழியும் மரபைக் காத்து வைக்க அவர் விரும்பினார்; மரபு எவ்வாறு காலந்தோறும் புத்துடை புனைந்து வாழ்கின்றது என்பதற்கான சான்றினை விட்டுச் சென்றார். விழாக்களையும் கூத்துக்களையும் ஆராயப் புகுவோர் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் தெளிவானது. சடங்கின் தொன்மையை வியப்பதோடு அமையாது, அதில் எது பழையது, எது புதியது, ஆடியவர் யார், அவருக்கு உடை அளித்தவர் யார் என வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு இடமளிப்பதே நல்ல பதிவின் இலக்கணமாகும்.