படம் காட்டும் வழியும் படம் மறைக்கும் பொருளும்

கணினியை முதன்முதலாகத் தொடுவோருக்கென எழுதப்படும் கைநூல்களிற் பல சொல்லைச் சுருக்கிப் படத்தைப் பெருக்குகின்றன. திரையின் தோற்றம், அதன்மேல் அம்புக்குறி, 1, 2, 3 என இலக்கமிட்ட படிகள், நூல் இவ்வளவே. கண்ணாற் கற்கும் இம்முறையை எளியோர்க்கான மலிவுச் சரக்கென ஒதுக்கும் பண்டித மனப்பான்மை எமக்கு உடன்பாடன்று. ஆங்கிலக் கட்டளைச் சொற்களை மனனஞ் செய்தோருக்கே கணினி பணிந்த காலமொன்று இருந்தது. அந்த மதிலிலே பொதுமக்களுக்கு வாயில் திறந்தது படமே. ஆயினும், வாயிலைக் காட்டியவர் வீட்டையும் காட்டினாரா என்பதே திறனாய்வாளன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

வரலாற்றை நோக்குவோம். 1973இல் அமெரிக்காவின் பாலோ அல்ற்றோ நகரிலுள்ள செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் 'அல்ற்றோ' என்னும் கணினி உருவாயிற்று. அங்கு பணியாற்றிய அலன் கே, உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்துக்களால் ஊக்கம் பெற்றவர். மனிதன் செய்கையாலும், படிமத்தாலும், குறியீட்டாலும் அறிகிறான் என்பது புரூனரின் கொள்கை. சுட்டியால் தொடுவது செய்கை, திரைப்படம் படிமம், நிரல் எழுதுவது குறியீடு. கேயும் அடெல் கோல்ட்பேர்க்கும் அவர்தம் தோழர்களும் சிறுவர்களையே நிரலெழுத வைத்தனர். படம் அவர்களுக்கு ஏணியின் நடுப்படி மாத்திரமே.

1984இல் மக்கின்டோஷும் 1995இல் விண்டோஸ் 95உம் சந்தைக்கு வந்தபோது முதலிரு படிகளும் உலகெங்கும் பரவின. மூன்றாவது பெரும்பாலோருக்கு எட்டாமற் போயிற்று. ஆக்குவோனாக வேண்டியவன் நுகர்வோனாக நின்றான். படநூல்கள் இந்நிலையை அப்படியே ஏற்றுக்கொண்டன.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். விண்டோஸ் பணிசெயல் முறைமையில் ஒரு கோப்பை இழுத்து அதே வட்டிலுள்ள வேறோர் உறையில் இட்டால் கோப்பு இடம்பெயர்கிறது. வேறொரு வட்டில் இட்டாலோ மூலம் இருந்த இடத்திலேயே இருக்கப் பிரதியொன்று உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியும் செய்கை ஒன்றே, விளைவோ வேறு. முன்னதில் கோப்பின் முகவரிப் பதிவு மாறுகிறதேயன்றித் தரவு நகர்வதில்லை. பின்னதில் தரவு முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. இக்காரணத்தை எந்த அம்புக்குறியாலும் காட்டவியலாது. காரணம் அறியாதவன் கோப்பு எங்கே போயிற்றென்று திகைப்பான்.

இவ்வறிவின் குறைபாடு 2012இல் வெளிப்பட்டது. 1995 முதல் திரையின் கீழ்மூலையில் இருந்துவந்த 'ஸ்டார்ட்' பொத்தானை விண்டோஸ் 8 நீக்கியது. தொழிலை விடுத்து இடத்தை மாத்திரம் கற்றிருந்தோர் மீண்டும் தொடக்கநிலையினராயினர். எதிர்ப்பு மிகவே, 2013இல் அப்பொத்தான் 8.1இல் திரும்பிவந்தது. அதைத் திருப்பித் தந்ததும் நிறுவனமே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். தோற்றத்தை மாத்திரம் அறிந்தவன் தோற்றத்தை ஆக்குவோனுக்கு என்றும் கடமைப்பட்டவனாகிறான்.

படத்தை நீக்குமாறு நாம் கோரவில்லை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் 'ஏன்' என்னும் வினா இடம்பெறட்டும். பொத்தானை அழுத்துமுன் விளைவு யாதென மாணவன் தானே ஊகித்துச் சொல்லட்டும். ஊகம் பிழைத்தால் காரணத்தைத் தேடட்டும். சில வாரங்களின் பின் ஐந்து வரி நிரலொன்றைத் தானே எழுதட்டும். வசதி படைத்தோரின் பிள்ளைகள் இம்மூன்றாம் படியைத் தனிவகுப்புகளிலேனும் எட்டிவிடுவர். ஏழைப் பிள்ளைக்கு அதைத் தரக்கூடிய இடம் வகுப்பறை ஒன்றே.