மதிப்பெண்ணும் மதிப்பீடும்

தமிழில் விமர்சனம் இன்னும் ரசனைக் குறிப்பாகவோ வசையாகவோதான் நடக்கிறது என்ற புகார் பழையது. இப்போது வேறொரு துறையிலிருந்து இதற்குப் பதில் ஒன்று வந்திருக்கிறது: இயந்திரம் தரம் பார்க்கட்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கூலி எதிர்பாராமல் எழுதியும் திருத்தியும் வருபவர்களிடம் சில மாதங்களாக இதுபற்றி விசாரித்து வருகிறேன். ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடமொன்றில் கணக்கெழுதும் இளைஞர், சேலத்தில் இருவர். நானும் அங்கே அவ்வப்போது திருத்துகிறவன். நால்வரின் பேச்சை வைத்து முடிவு கட்டுவது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் அவர்கள் பேசியது நம் சிக்கலைப் பற்றித்தான் என்று எனக்குப் பட்டது.

யாரும் எழுதலாம் என்ற இடத்தில் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் க்ளூபாட் என்ஜி என்ற நிரல், நாச வேலை என்று தான் கருதும் மாற்றங்களைத் தானே நீக்கி வருகிறது. ஆரன் ஹாஃபேக்கரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 2007க்குப் பின் அங்கே எழுதுகிறவர்களின் எண்ணிக்கை சரிந்ததற்கு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தும் இத்தகைய கருவிகளின் துணையோடு நிராகரிக்கப்பட்டது ஒரு காரணம். 2015இல் ஹாஃபேக்கர் முன்னின்று உருவாக்கிய 'ஓர்ஸ்' என்ற அமைப்பு ஆகவே எதையும் நீக்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பெண் தந்தது. தீர்ப்பை மனிதனுக்கு விட்டுவிட்டது.

குமாரபாளையத்து இளைஞருக்கு இந்த ஏற்பாடு சம்மதம். "ஊடை அறுந்தா தறி தானா நிக்கணுமுங்க. நூலைச் சேர்க்கறது நம்ம கைதானே" என்றார். தெளிவான பார்வைதான். ஆனால் நூல் அறுந்திருக்கும் அல்லது அறாமல் இருக்கும், வாக்கியம் அப்படியல்ல. ராசிபுரத்து ஆசிரியரின் மறுப்பு இதைவிட ஆழமானது. "அது தப்புப் பண்றதுல எனக்கு வருத்தமில்லீங்க. நானுந்தான் தப்புப் பண்றேன். ஆனா எங்கிட்ட வந்து ஏன் அழிச்சீங்கன்னு கேக்கலாம். அதுகிட்ட யாரு கேக்கறது?"

மதிப்பீட்டின் சாரம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. சி. மணியின் முயற்சியில் 1968இல் சேலத்திலிருந்து வரத் தொடங்கிய 'நடை' இரண்டு ஆண்டுதான் உயிரோடிருந்தது. அதுபோன்ற பத்திரிகைகளின் தேர்வுகள் எல்லாம் சரியானவை என்று யாரும் வாதிட மாட்டார்கள். அவற்றின் பலம் வேறு. தேர்ந்தவனுக்கு ஒரு முகவரி இருந்தது. சண்டைபோடக் கடிதம் எழுதலாம். மதிப்பெண்ணுக்கு முகவரி கிடையாது. அது தவறென்று நிரூபிக்கலாம். அதை வெட்கப்படச் செய்ய முடியாது.

இதைச் சொல்லிவிட்டு மனிதனின் பக்கம் நின்றுகொள்வது சுலபம். அது போலியாகவும் இருக்கும். அந்த இயந்திரம் எங்கிருந்து கற்றது? தமிழுக்கான ஓர்ஸ் மாதிரி, தமிழ் விக்கிப்பீடியாவில் முன்பு எவையெல்லாம் நீக்கப்பட்டன என்பதிலிருந்து பயின்றது. அதாவது நம்மிடமிருந்து. இந்த அமைப்பில் மொழிதோறும் வசைச்சொற்களின் பட்டியலோடு பேச்சுவழக்குச் சொற்களின் பட்டியலும் சேர்க்கப்பட்டதுண்டு. பேச்சின் சாயல் தென்பட்டால் தரம் ஐயத்துக்குரியது என்பது அதன் உட்கிடை. இதை இயந்திரத்தின் கோளாறு என்று நம்மில் யார் துணிந்து சொல்ல முடியும்? ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மா'ளில் கொங்குப் பேச்சை எழுதியது 1942இல். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' வந்தது 2000இல். நாவலில் ஒப்புக்கொண்டுவிட்ட சொல்லுக்கு அகராதியில் இடம் கிடைக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

கலைக்களஞ்சியம் நாவல் அல்ல என்பது நியாயமான பதில். பொதுநடை வேண்டும், கொச்சையோடு வரும் மாற்றங்களில் பல விளையாட்டுத்தனமானவையே. ஆனால் கொங்கு வீட்டைப் பற்றி எழுதுகிறவன் பொடக்காளியைப் புழக்கடை என்றும் ஒறம்பரையை விருந்தினர் என்றும் மாற்றிய பிறகு எஞ்சுவது எந்த வீடு?

என்னுடைய அனுபவத்தையே சொல்கிறேன். நாமக்கல் பக்கத்துக் கிணற்றுப் பாசனம் பற்றிய கட்டுரை ஒன்றில் யாரோ புதியவர் ஒரு பத்தி சேர்த்திருந்தார். கவலை ஓட்டிய விதம், வடக்கயிறு, சால் எல்லாம் பேசுகிற மாதிரியே எழுதப்பட்டிருந்தன. எழுத்துப் பிழைகள் நிறைய. மேற்கோள் இல்லை. நான் ஒரு சொடுக்கில் நீக்கினேன். எந்த இயந்திரமும் எனக்குச் சொல்லவில்லை. பிறகுதான் அந்தப் பத்தியை நிதானமாகப் படித்தேன். கவலை ஓட்டியவரிடம் கேட்காமல் யாரும் எழுதியிருக்க முடியாத விவரங்கள். மீண்டும் சேர்த்தேன். அவர் திரும்பி வரவில்லை. இத்தகைய சொடுக்குகளை உண்டுதான் மதிப்பெண் வளர்கிறது. இயந்திரம் எந்திரத்தனமானது என்ற புகாரை என்னால் இப்போது உரக்கச் சொல்ல முடிவதில்லை.

அண்மையில் அந்த அமைப்பின் இடத்துக்கு மொழி சாராத மாதிரி ஒன்று வந்திருக்கிறது. அது சொற்களைப் பார்ப்பதே இல்லை. மேற்கோள்கள், இணைப்புகள், உட்தலைப்புகள், திருத்தியவர் பதிவு பெற்றவரா என்பவற்றைக் கொண்டே, இந்தத் திருத்தம் நீக்கப்படக்கூடுமா என்று கணிக்கிறது. சிறு மொழிகளுக்கும் ஒரே கருவி பயன்பட வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. அதில் நியாயம் உண்டு. பேச்சுத் தமிழைத் தண்டிக்கும் பட்டியலும் அதோடு போயிற்று. போனது அது மட்டுமல்ல. ஒரு வரியைக்கூடப் படிக்காமல் அந்த வரியின் கதியை ஊகிக்கலாம் என்று ஆகிவிட்டது. இது நமக்குப் புதிதா? ஆசிரியன் பெயரையும் பதிப்பகத்தையும் பார்த்து மதிப்புரை எழுதும் பழக்கம் எந்த இயந்திரமும் வருமுன்பே நம்மிடம் இருந்தது.

மதிப்பெண் நம் கண்ணை ஓரிடத்துக்கு அழைக்கலாம். அங்கே போய்ப் படிப்பதும், காரணம் சொல்வதும், மறுப்பு வந்தால் நின்று பதில் சொல்வதும் வேறு காரியங்கள். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தத்தோடும் தொகுப்புச் சுருக்கம் என்று ஒரு சிறு கட்டம் வருகிறது, காரணத்தை எழுத. ராசிபுரத்து ஆசிரியர் அதில் இரண்டு வரியாவது எழுதாமல் எதையும் நீக்குவதில்லை. கிணற்றுப் பாசனப் பத்தியை நீக்கிய அன்று அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன்.