மூடப்படவே இல்லை

அண்ணன் மகள் கல்லூரியில் முதலாண்டு. பைத்தானில் ஒரு அசைன்மென்ட்: மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கித் திரையில் காட்ட வேண்டும். "சித்தப்பா, அஞ்சாவது வரியில என்ன தப்புன்னே தெரியல" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ஐந்தாவது வரியில் இருந்தது ஒரு பிரிண்ட். எழுத்துப் பிசகு எதுவும் இல்லை. பாவம், அதை மூன்று தடவை அழித்து அழித்து எழுதியிருக்கிறாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குறை நான்காவது வரியில். இன்ட் என்று எழுதி ஓர் அடைப்பு. அதற்குள் இன்புட் என்று எழுதி இன்னோர் அடைப்பு. திறந்தது இரண்டு, மூடியது ஒன்று.

அப்படியானால் ஐந்தாவது வரி ஏன் மாட்டிக்கொண்டது? பைத்தானில் பொதுவாக வரி முடிந்தால் வாக்கியம் முடிந்தது. அடைப்பு திறந்து கிடந்தால் அடுத்த வரியையும் அதே வாக்கியமாகவே படித்துக்கொண்டு போகும். நம் வினையெச்சம் மாதிரிதான். 'அவன் வந்து' என்று ஒருவர் நிறுத்தினால் முற்று வரட்டும் என்று காத்திருப்போம். அடுத்து 'மழை பெய்தது' என்று வந்து விழும்போதுதான் இடறுவோம்.

அவளுடைய லேப்டாப்பில் பைத்தான் 3.8. பிரிண்டின் அடியில் ஒரு குறியைப் போட்டு, 'தொடரமைப்பு தவறு' என்ற பொருளில் இரண்டு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. என் கணினியில் இருப்பது 2021 அக்டோபரில் வந்த 3.10. அதே நிரலை அதில் ஓட்டினேன். இப்போது நான்காவது வரி வந்தது. திறந்த இரண்டு அடைப்புகளில் வெளியே நிற்கும் இன்ட்டின் அடைப்புக்கு நேர் கீழே ஒரு சின்னக் கூர்முனை. அதன் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால்: '(' மூடப்படவே இல்லை.

அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'நெவர்'. 'மூடப்படவில்லை' என்பது வெறும் தகவல். 'மூடப்படவே இல்லை' என்பதில் வாசலைப் பார்த்துக் காத்திருந்தவரின் குரல் கேட்கிறது. செயப்பாட்டுவினையும் பாந்தம்: 'நீ மூடவில்லை' என்று பிள்ளையை நோக்கி விரல் நீட்டவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. திறக்கும் ஒவ்வோர் அடைப்பையும் வரி எண்ணோடு குறித்துக்கொண்டு, மூடியதும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது பைத்தானின் வேலை. 3.8-உம் இந்தக் கணக்கை வைத்திருந்ததுதான். இந்த மாதிரி நேரத்தில் அதை எடுத்துச் சொல்லும் பழக்கம் மட்டும் அதற்கு இல்லை. 3.10 அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துப் பேசுகிறது.

அவள் ஓர் அடைப்பைச் சேர்த்தாள், ஓடிவிட்டது. "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். பழைய பதிப்போடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எத்தனை தடவை பார்த்தும் ஒரு வரியில் தப்பு தெரியவில்லையா, அதை விட்டுவிட்டு முந்தின வரியின் அடைப்புகளை எண்ணுங்கள்.