சரக்குப் பட்டியலில் மனுஷன் எங்கே?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் வந்துவிட்டதைச் சொல்லப் பெயர்ப்பலகை வேண்டாம். மூக்கே சொல்லிவிடும். எதிர் சீட்டுக்காரர் 'உவ்வே' என்று ஜன்னலைச் சாத்தினார். அவர் காலில் பளபளவென்று தோல் ஷூ.

அப்போது என் மடியில் இருந்தது பைபிள். பக்தி சமாசாரம் இல்லை. எசேக்கியேல் 27-ம் அதிகாரத்தைக் கவிதையாக வாசித்துப் பார்க்கும் ஆசை. இன்றைய லெபனானில் இருக்கும் தீரு என்ற பினீசியத் துறைமுகத்துக்கு, கி.மு. 6-ம் நூற்றாண்டில் பாடப்பட்ட ஒப்பாரி அது. சாலமோன் கோயில் கட்டக் கேதுரு மரம் அனுப்பிய ஈராம் ராஜாவின் ஊர்.

ஊரையே ஒரு கப்பலாக்கிவிடுகிறார் கவிஞர். லெபனான் மரத்தில் பாய்மரம், பாசான் மரத்தில் துடுப்பு, எகிப்து துணியில் பாய். அதில் உலகத்துச் சரக்கையெல்லாம் ஏற்றுகிறார். கீழைக்காற்று அடிக்கிறது, நடுக்கடலில் எல்லாம் முழுகிப் போகிறது. நீளமான பட்டியல்தான், ஆனால் அலுக்கவில்லை. சரக்கு ஏற ஏற, முழுகப் போகிறதே என்ற பயமும் சேர்ந்து ஏறுகிறது.

நமக்கு உடனே பட்டினப்பாலை ஞாபகம் வரும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் 301 அடிப் பாட்டில் புகார்த் துறைமுகத்துக்கு இப்படித்தான் பட்டியல் போடுகிறார். கடலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, தென்கடல் முத்து, ஈழத்து உணவு. ஆனால் அவர் பரதவருக்கு ஒரு நாள் லீவும் விடுகிறார். பௌர்ணமியன்று அவர்கள் வலையை மறந்து, சுறாக் கொம்பை நட்டுக் கும்பிட்டு, கள் குடித்து ஆடுகிறார்கள். துறைமுகக் கவிதையில் உழைக்கிறவன் ஓய்வெடுப்பது அபூர்வம்.

எசேக்கியேலில் 13-ம் வசனத்தில் நான் நின்றுவிட்டேன். முந்தின வரியில் வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். அடுத்து மனிதர்கள், வெண்கலப் பாத்திரங்கள். அதற்கடுத்து குதிரை, கோவேறு கழுதை. ஈயத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் விற்பனைக்கு மனுஷன்! கவிஞர் ஒரு விநாடிகூட நிற்காமல் போகிறார். நம் பாட்டு ரொம்ப யோக்கியம் என்று மார்தட்ட வேண்டாம். அதிலும் போரில் பிடித்து வந்த பெண்கள் அந்தி விளக்கு ஏற்றுகிறார்கள்.

சுமார் 600 வருஷம் கழித்து யோவானின் வெளிப்படுத்தின விசேஷத்தில், 18-ம் அதிகாரத்தில், இந்த ஒப்பாரி திரும்ப வருகிறது. இந்தத் தடவை பாபிலோன் என்ற பெயரில் ரோமாபுரிக்கு. பொன்னில் ஆரம்பித்து முத்து, பட்டு, லவங்கம், மாடு, ஆடு, குதிரை, ரதம் என்று இறங்கி, கடைசியில் மனிதர்களின் உடல்கள், ஆத்துமாக்கள். இடம்தான் மாறியிருக்கிறது. நடுவில் கண்ணில் படாமல் நழுவியது, முடிவில் வந்ததும் தொண்டையில் சிக்குகிறது. விமரிசனம் என்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பட்டியலில் ஒரு பெயரை எங்கே வைக்கிறோம் என்பதே ஒரு கருத்து.

இரண்டு பட்டியலிலும் இல்லாதது நாற்றம். தீருவின் புகழே கடல் நத்தையை நசுக்கி எடுத்த ஊதாச் சாயம். அந்தச் சாயப்பட்டறைகள்தான் ஊரைப் பணக்கார ஊராக்கின, வாழ லாயக்கில்லாமலும் ஆக்கின என்று எழுதியவர், கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ. வாணியம்பாடிக்காரர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் நஷ்டஈடு தரவேண்டும் என்று 1996-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

பைபிளில் எனக்குப் பிடித்த துறைமுக வரி வேறு இடத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்குகிறார். லெபனான் மரங்கள் சாலமோனுக்காக வந்து இறங்கிய அதே துறை. யார் வீட்டில் தங்கினார்? கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் வீட்டில். பல நாள். யூத ஆசாரம் அந்தத் தொழிலைத் தள்ளி வைத்திருந்த காலம். விருந்தாளி மூக்கைப் பொத்தியதாக எழுதவில்லை. தொழிலாளியின் பெயரும் தொழிலும் விலாசமும் மட்டும் பதிவாகியிருக்கின்றன. ஏற்றுமதிக் கணக்கில் அவன் இல்லை.

ஆம்பூருக்கு யாராவது ஒரு பட்டினப்பாலை எழுதுங்கள். ஷூ, கையுறை, பெல்ட் எல்லாம் பிறகு வரட்டும். முதல் வரியில் சீமோனை உட்கார வையுங்கள்.